ஊருக்கு நாடி பார்ப்பது யார்?

ஆஸ்பத்திரிக்குப் போனால் நம்மை எத்தனை கேள்விகள் கேட்கிறார்கள்! பெயர், வயது, எடை, சுகர் உண்டா, பிரஷர் உண்டா, முன்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா... எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறோம். ஆனால், அந்த ஆஸ்பத்திரி தான் இருக்கும் ஊரைப் பார்த்து எப்போதாவது ஒரு கேள்வி கேட்டதுண்டா? 'இந்தப் பகுதியில் எந்த நோய் அதிகம்? யார் யார் வைத்தியத்துக்கே வராமல் இருக்கிறார்கள்? ஏன் வரவில்லை? எங்கள் பில்லை உங்களால் கட்ட முடிகிறதா?'

'என்ன டாக்டர், ஆஸ்பத்திரி எதுக்கு ஊரைக் கேட்கணும்?' என்று நினைக்கிறீர்களா? கேட்டே ஆகவேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே குடும்பம் நடத்துகிறார்கள். மகள் பிரசவத்துக்கென்று ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வரும் அம்மாக்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆகவே, இது நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான்.

அங்குள்ள பொது ஆஸ்பத்திரிகளில் பாதிக்கு மேல் லாப நோக்கமில்லாத அமைப்புகள் நடத்துபவை. ஊருக்கு நன்மை செய்கிறார்கள் என்பதால் அவற்றுக்கு வரிவிலக்கு உண்டு. 'நன்மை செய்கிறோம் என்று வாயால் சொன்னால் போதாது, காட்டுங்கள்' என்றது ஒபாமா ஆட்சியில் 2010-ல் வந்த சுகாதாரச் சட்டம்.

அதன்படி, இந்த ஆஸ்பத்திரிகள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை தங்கள் பகுதியின் சுகாதாரத் தேவைகளைக் கணக்கெடுக்க வேண்டும். அதிகாரிகளை மட்டும் கேட்டால் போதாது. ஏழைகள், வைத்திய வசதி எட்டாதவர்கள் அல்லது அவர்களுக்காகப் பேசுகிறவர்கள் கருத்தையும் வாங்கவேண்டும். அறிக்கையை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். 'இதற்கு என்ன செய்யப் போகிறோம்' என்று செயல்திட்டமும் போடவேண்டும். தவறினால் 50,000 டாலர் அபராத வரி!

2014-ல் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. பணமில்லாமல் வைத்தியத்துக்கு வரமுடியாமல் போவதும் ஊரின் சுகாதாரத் தேவைதான் என்று அவை சொல்கின்றன. போன தடவை போட்ட திட்டத்தால் என்ன பலன் கிடைத்தது என்பதையும் அடுத்த அறிக்கையில் எழுதியாக வேண்டும்.

பிரமாதமான ஏற்பாடு, இல்லையா? சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால், என்னைக் கேட்டால் பாதி வைத்தியம் என்பேன்.

காரணம் இதுதான். வருடத்துக்கு இவ்வளவு இலவச வைத்தியம் செய்தே ஆகவேண்டும் என்று குறைந்தபட்ச அளவு எதையும் அந்தச் சட்டம் வைக்கவில்லை. ஆகவே, 'எங்கள் பகுதியில் சர்க்கரை நோய், உடல் பருமன், மனச்சோர்வு அதிகம்' என்று ஓர் ஆஸ்பத்திரி அழகாக அறிக்கை எழுதலாம். நாலு இடத்தில் நடைப்பயிற்சி வகுப்பு நடத்தலாம். கணக்கு முடிந்தது. அதே ஆஸ்பத்திரியின் பில்லைக் கட்டமுடியாமல் ஒரு குடும்பம் தத்தளித்தால், அது எந்தப் பக்கத்தில் வரும்? அந்நாட்டு அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2022-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மக்களின் கடன் பதிவுகளில் ஏறியிருந்த வைத்தியக் கடன் மட்டும் 8,800 கோடி டாலர் என்றது அது.

சித்த வைத்தியத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, தொடு உணர்வு, நாக்கு, நிறம், குரல், கண், மலம், சிறுநீர் என்று எட்டையும் பார்த்துத்தான் நோயைக் கணிக்க வேண்டும். ஏழைப் பார்த்துவிட்டு ஒன்றை விட்டால், அந்த ஒன்றில்தான் நோய் ஒளிந்திருக்கும். ஊருக்கு நாடி பார்க்கிறவர்களும் அப்படித்தான். எல்லா நோயையும் எண்ணிவிட்டு, தங்கள் பில்லை எண்ணாமல் விட்டால் அது முழுக் கணிப்பு ஆகாது.

ஒரு நல்ல அம்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே சட்டப்படி, இந்த ஆஸ்பத்திரிகள் யாருக்கு எவ்வளவு கட்டணச் சலுகை என்பதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆனபின் முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை அந்தச் சலுகைக்கு மனு போடலாம். அங்கிருக்கும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். 'பில்லைப் பார்த்து மலைச்சுப் போய் கிரெடிட் கார்டுல கட்டிடாதே. நிதியுதவி விண்ணப்பம் இருக்கான்னு முதல்ல கேளு' என்று.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே அறக்கட்டளை ஆஸ்பத்திரிகளுக்கு இப்படி மூன்று வருடக் கணக்கெடுப்புக் கட்டாயம் கிடையாது. ஆனால், சட்டம் இல்லாமலே ஊரைக் கேட்டவர்கள் உண்டு.

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கிராமங்களில் முகாம் போட்டு, புரை விழுந்தவர்களைக் கண்டுபிடித்து, 'வாருங்கள், ஆபரேஷன் இலவசம்' என்றார்கள். ஆனால், சொன்ன பலரும் வரவில்லை! 'படிக்காத ஜனங்க, பயந்துட்டாங்க' என்று விட்டுவிடாமல், ஏன் வரவில்லை என்று போய்க் கேட்டார்கள். பஸ் காசு வேண்டும், சாப்பாட்டுக்கு வேண்டும், துணைக்கு ஒரு ஆள் வரவேண்டும், அத்தனை நாள் கூலியும் போகும். ஆபரேஷன் இலவசம்தான், ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருவது இலவசம் இல்லை! புரிந்தது. பஸ்ஸில் அழைத்து வந்து, சாப்பாடும் போட்டு, திரும்பக் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் விலை அதிகமாக இருந்ததால், 1992-ல் ஆரோலேப் என்ற பிரிவைத் தொடங்கி இங்கேயே குறைந்த விலையில் தயாரித்தார்கள். இதுதான் ஊரின் நாடி பார்ப்பது.

இதை ஏன் ஒரு சித்த வைத்தியர் சொல்கிறேன் என்றால், பில் பயம் என்ன செய்யும் என்பதை என் மேஜைக்கு எதிரே தினமும் பார்க்கிறேன். 'நெஞ்சு பாரமா இருக்கு டாக்டர், ஏதாவது கஷாயம் குடுங்க' என்பார்கள். 'ஈ.சி.ஜி. எடுத்தீங்களா?' என்றால், 'அங்க போனா அட்மிஷன்னு சொல்லிடுவாங்க, அவ்வளவு பணத்துக்கு எங்க போறது?' என்று பதில் வரும். சித்த மருந்தின் மேல் நம்பிக்கை வைத்து வந்தால் எனக்குச் சந்தோஷம். பில்லுக்குப் பயந்து வந்தால் வயிற்றைக் கலக்குகிறது. நெஞ்சு வலி, திடீரென்று வாய் கோணுதல், கை கால் இழுத்தல், நிற்காத ரத்தப்போக்கு இதற்கெல்லாம் என்னிடம் வராதீர்கள். தனியார் கட்டணம் பயமாக இருந்தால், 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்காவது உடனே போங்கள். தாமதம்தான் உயிரைக் குடிக்கும்.

இந்தப் பயம் ஏழைகளுக்கு மட்டுமா? நம் நாட்டின் மொத்த வைத்தியச் செலவில் மக்கள் சொந்தக் கையிலிருந்து போடுவது 2013-14-ல் 64.2 சதவீதம். 2021-22-ல் அது 39.4 ஆகக் குறைந்திருக்கிறது என்று அரசுக் கணக்கு சொல்கிறது. நல்ல செய்திதான். ஆனாலும், நூற்றில் நாற்பது ரூபாய் இன்னும் நம் சட்டைப்பையிலிருந்துதான் போகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்ப வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். மாதம் பதினைந்தாயிரம், இருபதாயிரம் சம்பாதிக்கும் குடும்பம் அதற்கும் வெளியே. பெரிய பில்லைத் தாங்கும் சக்திக்கும் வெளியே. நடுவில் நிற்கிற இந்தக் குடும்பத்தை எந்த ஆஸ்பத்திரி கணக்கெடுத்திருக்கிறது?

நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் குடியிருப்போர் சங்கத்திலோ, கோயில் மண்டபத்திலோ ஓர் ஆஸ்பத்திரி இலவச முகாம் போட வருகிறதா? வரவேற்பு கொடுங்கள். கூடவே மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

'எங்க பகுதிக்கு இந்த முகாம்தான் தேவைன்னு யாரைக் கேட்டு முடிவு பண்ணினீங்க?'

'போன முகாம்ல நோய் இருக்குன்னு கண்டுபிடிச்சவங்கள்ல எத்தனை பேருக்கு வைத்தியம் முடிஞ்சுது?'

'முழுப் பில்லையும் கட்ட முடியாதவங்களுக்கு என்ன வழி? அதை எழுத்துல எங்க போட்டிருக்கீங்க?'

மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால், அது ஊருக்காக இருக்கும் ஆஸ்பத்திரி. நம்பிப் போகலாம், நன்கொடையும் கொடுக்கலாம். பதில் வரவில்லையா? அது முகாம் இல்லை, ஆள் பிடிக்கும் வலை! பிரஷரை மட்டும் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.