வேர் பிடித்த சுவர்கள்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் அபர்தீன் துறையில் படகேறி அவர்களை ரோஸ் தீவுக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். 2018-இல் நேதாஜியின் பெயர் சூட்டப்பெற்ற பின்னும் நம் வீடுகளில் அது ரோஸ் தீவுதான்! சென்றவர் கையில் கைப்பேசியும் இருக்கும். நூறு படங்களும் வந்து சேரும். ஆனால் நூறிலும் மனிதர் முகங்களே நிறைந்திருக்கும்.

1858 முதல் ஆங்கிலேயரின் தலைமையிடமாய் விளங்கிய அத்தீவு, 1941 ஜூன் நிலநடுக்கத்தில் சிதைந்தது. 1942 மார்ச்சில் வந்த ஜப்பானியர் கடலை நோக்கிப் பதுங்கறைகள் அமைத்தனர். போர் ஓய்ந்தபின் காடு புகுந்தது. பறவை எச்சமிட்ட ஆலின வித்து சுவரின் உச்சியில் முளைத்து, மண்ணைத் தேடிச் செங்கல் இடுக்குகள் வழியே வேரிறக்குகிறது. சுவரைப் பிளந்ததும் அவ்வேரே. இன்று விழாமல் தாங்கி நிற்பதும் அதுவே. அதன்மேல் ஏறி நின்று படமெடுத்துக்கொள்வோரைக் காணும்போது நமக்குப் பொறுக்கவில்லை. கான்கிரீட் பதுங்கறைகளிலோ வேருக்கு எளிதில் இடுக்கு அகப்படுவதில்லை, பாசியே படர்கிறது.

உச்சி வெயிலில் மரநிழல் திட்டுத்திட்டாய் விழுந்து படத்தைக் கெடுக்கும். மேகமூட்டமே நல்லது, மழைக்குப்பின் பாசியின் பசுமையும் தெளியும். பதுங்கறையின் உள்ளிருந்து துப்பாக்கித் துளை வழியே கடலை எடுப்போர், திரையில் கடல் தெரியும் பகுதியைத் தொட்டு ஒளியைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும். இல்லையேல் கடல் வெறும் வெள்ளையாகிவிடும்.

கார்பின்ஸ் கோவ் சாலையோரத்துப் பதுங்கறைகளின் முன்னும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். நம்மவருள் பலர் விடுதலைக்குப்பின் இங்குக் குடிவந்தோர். ஜப்பானியர் காலத்துத் துயரம் நம் வீட்டுக் கதையன்று, அண்டை வீட்டுக் கதை. விமானத் தளம் அமைக்க அடித்து வேலை வாங்கப்பெற்றவர்கள் இத்தீவு மக்கள். 1944 ஜனவரி 30 அன்று ஒற்றர் என்று பழி சுமத்தி ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றனர். அங்கு நினைவிடம் உண்டு. உறவினரை அங்கு அழைத்துச் செல்வோர் நம்முள் எத்தனை பேர்?

படத்தின் கீழ் ‘பங்கர்’ என்று மட்டும் எழுதாமல், எந்தக் கரை, கட்டியவர் யார், எடுத்த நாள் எது என்று ஓரிரு வரி குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் நின்று எடுத்தால், வேர் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதும் தெரியும்.