`90% பணம் கொடுத்தாச்சு, கிச்சன் பாதியில நிக்குது!' - இன்டீரியர் கான்ட்ராக்டர்கள் நழுவுவது எந்த இடத்தில்?

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மேடவாக்கம் பக்கத்தில் அக்கா வாங்கியிருக்கும் ஃப்ளாட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். சாதம், சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாமே ஹால் தரையில் வைத்த இண்டக்‌ஷன் அடுப்பில் சமைத்தது. கிச்சனுக்குள் போனால், கிரானைட் மேடைக்குக் கீழே கதவில்லாத பெட்டிகள் வாயைப் பிளந்துகிட்டு நிக்குது. சிங்க்குக்குக் கீழே இருக்கும் பலகை தண்ணி குடிச்சு அப்பளம் மாதிரி உப்பியிருக்கு. `45 நாள்களில் முடித்துத் தரப்படும்' என்று எழுதிய கொட்டேஷன் மட்டும் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் போட்டு பத்திரமாகத் தொங்குது.

அது 7-வது மாதம்.

ஆனி மாதம் அட்வான்ஸ் கொடுத்தாங்க. ஆவணியில் முகூர்த்தம் பார்த்து பால் காய்ச்சணும்னு அம்மா நாள் குறிச்சிட்டாங்க. வாடகை வீட்டுக்கு 18,000, ஹோம் லோன் இ.எம்.ஐ 41,000. ரெண்டையும் சேர்த்து எத்தனை மாசம் கட்ட முடியும்? அதனால்தான் வேலை முடியாமலே குடிவந்துட்டாங்க. இன்டீரியருக்காக மாமா தனியா ஒரு பர்சனல் லோனும் எடுத்திருக்கார். அதுக்கும் தவணை ஓடுது.

அந்தக் கான்ட்ராக்டரை அக்கா கண்டுபிடிச்சது இன்ஸ்டாகிராமில். `பிஃபோர் - ஆஃப்டர்' ரீல்ஸ், மஞ்சள் லைட்டு, சத்தமில்லாம மூடிக்கிற டிராயர். நேரில் வந்தபோது ஆள் அவ்வளவு மரியாதை. அக்காவை `சிஸ்டர்', அம்மாவை `அம்மா'. அம்மா அவரை `தம்பி தம்பி'ன்னு கூப்பிட்டு, வரும்போதெல்லாம் டீயும் முறுக்கும் கொடுத்தாங்க. இன்னிக்கும் அம்மாவுக்கு பணம் போனதைவிட அந்த முறுக்குதான் பெரிய வருத்தம்.

இது எங்க வீட்டுக் கதை மட்டுமில்ல. ஆபீஸில் இதைச் சொன்ன அன்னிக்கே மூணு பேர் தங்களோட கதையை எடுத்து வச்சாங்க. ஒருத்தருக்கு வார்ட்ரோப், ஒருத்தருக்கு பாத்ரூம் டைல்ஸ், இன்னொருத்தருக்கு மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங். ஆளும் வேலையும் வேற. ஆனா நாலு கதையிலும் பிரச்னை கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்குது: இரண்டாவது தவணை கைமாறிய உடனே.

அக்காவோட கணக்கைப் பாருங்க. மொத்தம் 6,80,000 ரூபாய். ஆர்டர் கொடுக்கும்போது 50%, மெட்டீரியல் வந்து இறங்கியதும் 40%, வேலை முடிந்ததும் 10%. சென்னையில் பலரும் கேட்கிற கணக்குதான் இது. முதலில் 3,40,000, அடுத்து 2,72,000. ஆக 6,12,000 ரூபாய் போயாச்சு. கான்ட்ராக்டருக்கு இனி வரவேண்டியது வெறும் 68,000. மீதி வேலையை முடிக்க எவ்வளவு ஆகும்னு வேற ஒரு கார்பென்டர் அண்ணனை வச்சு மதிப்புப் போட்டா, அவர் சொன்னது 1,85,000. அதாவது, அந்தக் கான்ட்ராக்டர் திரும்பி வந்து வேலையை முடிச்சா அவருக்கு நஷ்டம். வராம இருந்தா லாபம். அவர் நல்லவரா கெட்டவரா என்பதற்கு முன்னாடியே, இந்தப் பேமென்ட் கணக்கே அவரை வாசல் பக்கம் தள்ளிவிடுது.

இதே தொழிலில் இருக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் பேசினேன். பல சின்ன கான்ட்ராக்டர்களிடம் சொந்த முதல்னு எதுவும் கிடையாது என்கிறார். உங்க அட்வான்ஸில் முந்தின சைட்டுக்கு ஷட்டர் போகும். உங்க ஷட்டர் வரணும்னா அடுத்த கஸ்டமர் அட்வான்ஸ் கொடுக்கணும். புது ஆர்டர் வந்துகிட்டே இருக்கிறவரை சக்கரம் சுத்தும். ரெண்டு மாசம் ஆர்டர் விழலைன்னா, அந்த நேரத்தில் பாதியில் இருக்கிற வீடுகள் எல்லாம் அப்படியே நிக்கும். வேலை செய்யும் பையன்களும் பெரும்பாலும் அவருடைய ஆட்கள் இல்லை. ராஜஸ்தான், உத்தரப்பிரதேசத்தில் இருந்து வந்து சதுர அடிக்கு இவ்வளவுன்னு உள்குத்தகை எடுத்தவங்க. அவங்களுக்குக் கூலி பாக்கி வச்சா, டூல்ஸை எடுத்துக்கிட்டு அடுத்த சைட்டுக்குப் போயிடுவாங்க. அக்கா வீட்டில் நடந்ததும் அதுதான். கடைசியா வந்த பையன் டிரில்லிங் மெஷினைத் துணியில் சுத்தி எடுத்துட்டுப் போனப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்னு இப்போ சொல்றா.

கான்ட்ராக்டர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. பாதி வேலையில் டிசைனை மாத்துறது, வேலை முடிஞ்ச பிறகு `கலர் பிடிக்கல'ன்னு கடைசித் தவணையை அமுக்குறதுன்னு வாடிக்கையாளர்களும் செய்றாங்க. அந்தப் பயத்தில்தான் அவங்க 90 சதவிகிதத்தை முன்னாடியே வாங்கிடுறாங்க. ஆனா அந்தப் பயத்துக்கான விலையை மொத்தமா ஒரே பக்கம் கட்டுறது எப்படி சரியாகும்?

இப்போ அந்த உப்பின பலகைக்கு வருவோம். கொட்டேஷனில் கிச்சனுக்கு பி.டபிள்யூ.பி பிளைவுட், ஐ.எஸ். 710 என்று தெளிவா இருக்கு. மரைன் பிளை என்று சொல்வார்களே, அது. கொதிக்கிற தண்ணியில் 72 மணி நேரம் போட்டாலும் ஒட்டு விடக் கூடாது என்பது அதற்கான சோதனை. புது கார்பென்டர் சிங்க் பக்கத்துப் பலகையைக் கழற்றி பின்பக்கம் காட்டினார். அதில் இருந்த முத்திரை ஐ.எஸ். 303, எம்.ஆர். கிரேடு. காற்றில் இருக்கும் ஈரத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. பெட்ரூம் அலமாரிக்கு ஓகே, சிங்க்குக்குக் கீழே வைக்கக் கூடாது. மேல லேமினேட் ஒட்டிட்டா ரெண்டுக்கும் வித்தியாசம் நம்ம கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தெரியணும்னா ஷீட் வந்து இறங்குற அன்னிக்கே, ஒட்டுறதுக்கு முன்னாடி, முத்திரையைப் பார்த்து போட்டோ எடுத்திருக்கணும். அன்னிக்கு அக்கா ஆபீஸில், மாமா பெங்களூரில். வீட்டில் இருந்த அம்மா டீ போட்டுக்கிட்டு இருந்தாங்க.

சதுர அடியில் இன்னொரு விளையாட்டு இருக்கு. முன்பக்கக் கதவின் பரப்பை மட்டும் அளப்பதா, உள்ளே இருக்கும் பெட்டியின் எல்லாப் பக்கங்களையும் சேர்த்து அளப்பதா என்று கொட்டேஷனில் எழுதாமலே விட்டுடுவாங்க. ரேட் குறைவா இருக்கேன்னு சந்தோஷப்பட்டு கையெழுத்துப் போட்டா, பில்லில் அளவு பெருசா வந்து நிக்கும். அக்கா இதில் தப்பிச்சுட்டா. மாமா எக்ஸெலில் எல்லாத்தையும் போட்டு வச்சிருந்தார். (அந்த எக்ஸெல் ஷீட்டைப் பார்த்து நாங்க எல்லோரும் சிரிச்சோம். இப்போ சிரிக்கிறதில்ல.)

`பில் வேணுமா சிஸ்டர்? ஜி.எஸ்.டி 18 பர்சென்ட் வரும்' - இந்த இடத்தில்தான் எல்லோரும் விழுறோம். 6,80,000-க்கு 18% என்றால் 1,22,400 ரூபாய். மிச்சம்னு நினைச்சு பில் வேண்டாம்னுட்டாங்க. இரண்டாவது தவணையில் ஒரு லட்சத்தை கேஷாகவே கேட்டு வாங்கியிருக்கார். பேங்க்லயும் ஜிபேயிலும் போனது 5,12,000, அதுக்கு ஆதாரம் இருக்கு. அந்த ஒரு லட்சத்துக்கு இருப்பது `ரிசீவ்ட், தேங்க்ஸ்' என்ற ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும். நல்லவேளை, கோபத்தில் அவரை பிளாக் செய்த அக்கா, சாட்டை அழிக்கலை.

மூணாவது மாசம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாங்க. மனுவை வாங்கி சி.எஸ்.ஆர் ரசீது கொடுத்தாங்க, போனும் போட்டாங்க. அடுத்த நாளே ஆள் வந்து ரெண்டு கதவை மாட்டிட்டுப் போனார். அதோட சரி. மறுபடி போனப்போ, `இது சிவில் மேட்டர்மா' என்ற பதில். கேட்க எரிச்சலா இருந்தாலும், சட்டம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கு. மோசடி வழக்கு நிற்கணும்னா, பணம் வாங்கும்போதே ஏமாத்தும் எண்ணம் இருந்ததுன்னு காட்டணும். பாதி வேலை செய்துட்டு நிறுத்தினா, அது பெரும்பாலும் ஒப்பந்த மீறலாகத்தான் பார்க்கப்படும். அந்த ரெண்டு கதவு அவருக்கு எவ்வளவு உதவுதுன்னு புரியுதா?

`ரெரா'வில் புகார் கொடுக்கலாமேன்னு நானும் யோசிச்சேன். ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை வந்தால் பில்டர் சரிசெய்து கொடுக்கணும். ஆனா அது பில்டருக்கு. நாமே தனியா கூப்பிட்டு வேலை கொடுத்த இன்டீரியர் கான்ட்ராக்டர் அதில் வரமாட்டார். வீட்டுக்கு வயரிங் எடுத்துச் செய்யும் எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டருக்கு நம்ம ஊரில் லைசென்ஸ் வேணும். ஆறேழு லட்சத்துக்கு கிச்சன் போடுபவருக்கு ஒரு இன்ஸ்டா பக்கம் போதும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இந்த வேலைகளுக்கு லைசென்ஸ் கொடுக்கத் தனி வாரியமே இருக்கு. அங்கே வீட்டு மராமத்து ஒப்பந்தத்தில் முன்பணமா, மொத்தத் தொகையில் 10% அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதுக்கு மேல் பொதுவா வாங்கக் கூடாது. நம்ம 50 சதவிகிதத்தை அதோட பக்கத்தில் வச்சுப் பாருங்க.

கடைசியில் அக்கா போய் நின்ன இடம் நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எனக்குப் பிடிச்ச விஷயம், கான்ட்ராக்டர் எங்கே இருக்கார்னு தேடி அலைய வேண்டாம். நாம குடியிருக்கிற அல்லது வேலை செய்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தா மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. அதுக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம், வக்கீல் வச்சே ஆகணும்னு இல்லை. பிரச்னை நடந்து 2 வருஷத்துக்குள் போகணும், அவ்வளவுதான். 1915-க்கும் அக்கா போன் பண்ணினா, புகாரைப் பதிவு செய்தாங்க. ஆனா போனையே எடுக்காத தனி ஆளை வச்சு ஹெல்ப்லைனால் என்ன பண்ண முடியும்?

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனதில் இருந்து 3 மாசத்தில், பொருளை லேபுக்கு அனுப்பிச் சோதிக்கணும்னா 5 மாசத்தில், வழக்கை முடிக்கப் பார்க்கணும்னு சட்டம் சொல்லுது. நடைமுறையில் வாய்தா மேல வாய்தா போவதும் உண்டு. ஜெயிச்சாலும் பணத்தை வசூல் பண்ண இன்னொரு மனு போடணும். அக்காவுக்கு இதெல்லாம் தெரியும். ``பலகையைப் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்டா. லேபுக்கு அனுப்பணும்னா அனுப்புறேன்" என்கிறாள். முத்திரை தெரிகிற மாதிரி பேப்பரில் சுத்தி, கட்டிலுக்குக் கீழே இருக்கு.

மீதி வேலையை இப்போ அந்தக் கார்பென்டர் அண்ணன்தான் செய்றார். இந்த முறை பிளைவுட், ஹிஞ்ச், லேமினேட் எல்லாத்தையும் மாமாவே கடையில் பில்லோடு வாங்கிக் கொடுக்கிறார். கூலி வாராவாரம் சனிக்கிழமை, அந்த வாரம் முடிஞ்ச வேலைக்கு மட்டும். கடைசி 15% தொகை, வேலை முடிஞ்சு ஒரு மாசம் கதவெல்லாம் ஒழுங்கா மூடித் திறந்த பிறகு. இப்படிக் கேட்டதும் அவர் கோச்சுக்குவாரோன்னு அம்மா பயந்தாங்க. அவர் கோச்சுக்கலை. டீ மட்டும் சக்கரை கம்மியா கேட்டார்.

போன புதன்கிழமை ராத்திரி அக்காகிட்ட இருந்து ஒரு ரீல் லிங்க் வந்தது. பழைய கான்ட்ராக்டரோட பக்கம். மஞ்சள் லைட்டு, பின்னணியில் பியானோ, சிங்க்குக்கு மேலே இருந்த ரெண்டே ரெண்டு கதவை மட்டும் கேமரா மெதுவா தடவிக்கிட்டுப் போகுது. போலீஸ் போன் போட்டதுக்கு அடுத்த நாள் வந்து மாட்டினாரே, அதே கதவுகள். மேலே `இன்னொரு ஹேப்பி கஸ்டமர்' என்று எழுத்து ஓடுது. கீழே முதல் கமென்ட், யாரோ ஒரு பொண்ணு: `பிரைஸ் ப்ளீஸ்?'

அக்கா அந்தப் பொண்ணுக்கு இன்பாக்ஸில் ஒரு ஹாய் போட்டிருக்கா. இன்னும் பதில் வரலை.