ஜெட் படகு வாங்கியவர்க்குச் சில சொற்கள்

ஆனையை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாகாது என்பர் நம் முன்னோர். அண்மையில் ஒரு மாலை, களுபோவிலையிலுள்ள என் இல்லத்துக்கு வந்த பழைய மாணவர் ஒருவரைக் கண்டபோது இம்முதுமொழியே நினைவுக்கு வந்தது. பிறர் பாவித்த ஜெட் படகொன்றை வாங்கிப் பொல்கொட வாவியில் விட்டிருந்தார் அவர். இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையே, மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடனிருக்க, நடு வாவியில் படகு வலுவிழந்து நின்றுவிட்டதாம். “இயந்திரம் முழங்குகிறது, சேர். படகோ நகரவில்லை. பழுது எங்கே?” என்று கேட்டார்.

பழுது இயந்திரத்தில் இல்லை என்பது பின்னர் தெரிந்தது. படகின் அடியிலுள்ள நீர்வாயில், யாரோ கரையில் வீசிய பொலித்தீன் பை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது எவ்வாறு அத்துணைப் பெரிய படகை நிறுத்திற்று என்பதை அறியவேண்டுமாயின், ஜெட் படகு ஓடும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

வெள்ளவத்தைச் சந்தையில் நாம் வாங்கும் கணவாயே இதற்கு நல்ல ஆசிரியன். அது நீரை உடலுக்குள் வாங்கி, சிறு குழல் வழியாக விசையுடன் பீறிட்டு, எதிர்த்திசையில் பாய்கிறது. ஜெட் படகும் அவ்வாறே. அடியிலுள்ள வாய் வழியாக நீரை உறிஞ்சி, சுழலி ஒன்றினால் அதனை விசைப்படுத்தி, பின்புறக் குழாயால் வெளியே எறிகிறது. எறியப்பட்ட நீர் பின்னே செல்ல, படகு முன்னே செல்கிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டென்ற நியூற்றனின் மூன்றாம் விதியை மாணவர்கள் இங்கே கண்முன் காணலாம். நீர்வாய் அடைபட்டால் எறிவதற்கு நீரில்லை, படகும் நகராது. பெரும்பாலான சிறிய ஜெட் படகுகளில் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரும் இதே வழியில் வருவதால், அடைப்பு நீடித்தால் இயந்திரம் கொதித்துக் கெடும்.

நியூசிலாந்தின் ஆழமற்ற கல்லாறுகளில் சாதாரணச் சுழலிகள் பாறையில் மோதி உடைவதைக் கண்ட வில்லியம் ஹமில்ரன் என்பவர், 1954ஆம் ஆண்டளவில் இவ்வகைப் படகை வெற்றியுடன் ஓட்டிக்காட்டினார். 1960இல் அவருடைய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், பெரும் பள்ளத்தாக்கினூடே, நீரோட்டத்தை எதிர்த்து மேலேறின. எவரெஸ்ற் சிகரத்தை வென்ற எட்மண்ட் ஹிலாரியோ, 1977இல் மூன்று ஜெட் படகுகளுடன் கங்கையின் முகத்துவாரத்திலிருந்து புறப்பட்டு, நந்தப்பிரயாகையின் அருகே ஒரு நீர்வீழ்ச்சி வழிமறிக்கும்வரை சென்றார். இத்துணை வல்லமை உடையதேயாயினும், இப்படகு தினசரி கவனிப்பின்றிப் பிழைப்பதில்லை.

முதலாவது, நன்னீர்க் கழுவல். கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. பொல்கொட வாவி பாணந்துறையில் கடலோடு கலப்பதால், அங்கும் உவர்நீர் ஏறுகிறது. அவ்வுப்பு இயந்திரத்தினுள் காய்ந்து படிந்தால் குளிர்நீர் வழிகள் அடைபடும். ஆகவே ஒவ்வொரு பயணத்தின் பின்னும் குழாய்நீரால் கழுவுக. கழுவும் முறையிலும் ஒழுங்கு உண்டு. பெரும்பாலான சிறிய ஜெட் படகுகளில் முதலில் இயந்திரத்தை இயக்கி, பின்னரே நீரைத் திறக்கவேண்டும். முடிக்கும்போது முதலில் நீரை மூடி, பின்னரே இயந்திரத்தை நிறுத்தவேண்டும். மாறிச் செய்தால் புகைபோகும் வழியாக நீர் இயந்திரத்தினுள் புகுந்துவிடலாம். கையேடு வேறு கூறின் கையேட்டையே பின்பற்றுக. நீரின்றி இயந்திரத்தை ஓடவிடலாகாது.

இரண்டாவது, நீர்வாயைப் பார்த்தல். ஆகாயத்தாமரை, சல்வீனியா, கயிறு, பொலித்தீன் ஆகிய எதுவும் கம்பித்தட்டில் சிக்கலாம். இயந்திரத்தை நிறுத்தித் திறப்பைக் கையில் எடுத்த பின்னரே கைநீட்டுக. சுழலியின் இதழ்களில் கல் பட்ட வடு உண்டா, இதழ் நுனிக்கும் அதனைச் சூழ்ந்த வளையத்துக்கும் இடைவெளி கூடியுள்ளதா என்றும் பார்க்கவேண்டும். அவ்விடைவெளி மில்லிமீற்றரின் ஒரு பங்கு கூடினாலும் நீர் பின்னே நழுவி, படகு வேகம் இழக்கும்.

மூன்றாவது, தியாக உலோகம். உவர்நீரில் வெவ்வேறு உலோகங்கள் சேர்ந்திருப்பின், ஒன்று மற்றொன்றுக்காகக் கரையும். கரைவதற்கென்றே ஓர் உலோகக் கட்டியைப் பொருத்திவிட்டால், அது தான் அழிந்து படகைக் காக்கும். கடல்நீருக்கு நாகம், கலப்புநீருக்கு அலுமினியம், நன்னீருக்கு மக்னீசியம் ஏற்றவை. பாதி கரைந்தவுடன் மாற்றுக. அதன்மேல் வர்ணம் பூசுவது அதன் கடமையைத் தடுப்பதாகும்.

நான்காவது, எண்ணெய். புதிய இயந்திரத்தின் முதல் எண்ணெய் மாற்றம் விரைவிலேயே வரும். பின்னர் கையேட்டில் உள்ள மணிக்கணக்கின்படி நிகழவேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்று அறிக. சுக்கான் கம்பிகளுக்குக் கிறீஸ் இடுதல், பற்றறி முனைகளைத் துப்புரவு செய்தல், படகின் அடித்துளை மூடிகளைச் சரிபார்த்தல் ஆகியன மாதந்தோறும் செய்யத்தக்கவை.

இனி ஓர் எச்சரிக்கை. விசை இல்லாவிடின் ஜெட் படகுக்குத் திசை இல்லை. எதிரே தடை தோன்றியதும் பயந்து விசையைக் கைவிடுபவர் திருப்பும் ஆற்றலையும் சேர்த்துக் கைவிடுகிறார். இதனைக் கரையருகில் கூட்டமில்லாத நேரத்தில் பழகிக்கொள்ளவேண்டும்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது பெற்றோல் ஆவி. அது காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கும். இயந்திரத்தை முடுக்கும் முன், காற்றூதியை நான்கு நிமிடமாவது ஓடவிட்டு, மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது முறை.

என் மாணவர் இதைக் கேட்டுச் சிறிது மௌனமாக இருந்தார். பிறகு, “அந்த ஞாயிறு காலை, பெற்றோல் வாடை வருகிறது, பிள்ளைகளை ஏற்றமாட்டேன் என்று மனைவி பிடிவாதம் பிடித்தாள், சேர். வேண்டாவெறுப்பாய் மூடியைத் திறந்தேன். எரிபொருட் குழாயின் இணைப்பு தளர்ந்து கசிந்துகொண்டிருந்தது. அதை இறுக்கி, ஆவி போகும்வரை காத்திருந்துதான் புறப்பட்டோம். அன்று அவள் தாமதப்படுத்துகிறாளே என்று கோபித்துக்கொண்டேன்” என்றார்.

பொலித்தீன் பை ஒரு பகற்பொழுதை மட்டுமே கெடுத்தது. அந்தத் தாய் வற்புறுத்திய சில நிமிடத் தாமதமோ ஐந்து உயிர்களைக் காத்தது. படகின் கையேட்டை வீட்டில் எல்லோரும் படிக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.