மாலுமி என்னும் சொல்லும் நாம் மறந்த வானமும்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வாழும் நாம் ஆண்டிற்கு இரண்டு மாலைகளில் மட்டுமே வானத்தை அண்ணாந்து நோக்குகிறோம். ரமளான் பிறைக்காக ஒருமுறை. ஷவ்வால் பிறைக்காக மறுமுறை. அடுக்குமாடிகளுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் நடுவே மேற்கு வானம் ஒரு கீற்றளவு தென்படும். ஐந்து நிமிடம் தேடுவோம். பின்னர் அறிவிப்பு வந்துவிட்டதா எனக் கைப்பேசியைப் பார்ப்போம். எஞ்சிய முந்நூற்றுச் சொச்சம் இரவுகளில் வானம் நமக்கு வேண்டாத பொருள்.

கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை ஆகிய துறைகளிலிருந்து பாய்மரக்கலம் செலுத்திய நம் முன்னோர்க்கோ அவ்வானமே பாடநூல். நிலவற்ற இரவில் நடுக்கடலில் நிற்கும் பாய்க்கப்பலை எண்ணிப் பாருங்கள். எந்திர ஓசை இல்லை; கரை விளக்கு இல்லை. கண்கள் இருளுக்குப் பழக அரைமணி ஆகும். அதன்பின் பால்வீதி கடலின் ஒரு விளிம்பில் எழுந்து மறு விளிம்பில் இறங்குவது தெரியும். காற்று அடங்கினால் வெள்ளிக் கோளின் ஒளி நீர்மேல் கோடு கிழிக்கும். கலத்தின் பின்னே நுண்ணுயிர்கள் நீல ஒளி உமிழ, விண்ணிலும் மீன், நீரிலும் மீன் என மயங்கத் தோன்றும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் இவ்வாறு ஒளிர்ந்தபோது நகரமே வியந்தது. பாய்மரத்தாருக்கு அது பழகிய காட்சி.

அவர்கள் கண்டு மகிழ்ந்ததோடு நிற்கவில்லை; அதைக் கொண்டு வழியும் கண்டனர். 'மாலுமி' என்னும் சொல்லே இதற்குச் சான்று. ஆசிரியர் என்று பொருள்படும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் தமிழ் வடிவம் அது. 'சுக்கா'னும் அரபு வழி வந்ததே. விண்மீனைப் படிக்கத் தெரிந்தவனை ஆசிரியன் என அழைத்த மரபு, கல்லூரி நடத்தும் சமுதாயத்திற்குப் பொருத்தமான மரபன்றோ!

அவர்தம் கருவியின் எளிமை வியப்புக்குரியது. அரபியர் 'கமால்' என்றனர். தமிழ் மாலுமிகள் 'ராப்பலகை' என்றனர். ஒரு சிறு மரப்பலகை, அதன் நடுவே முடிச்சுகள் இட்ட கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்துப் பலகையை நீட்டிப் பிடித்து, அதன் கீழ்விளிம்பைத் தொடுவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ விண்மீனிலும் பொருத்துவர். உயரத்தை விரலால் எண்ணுவர். ஒரு விரல் ஏறத்தாழ 1 பாகை 37 கலை. சென்னையில் துருவ விண்மீன் ஏறக்குறைய 13 பாகை உயரத்தில் நிற்கிறது; அதாவது எட்டு விரல். கொழும்பில் 7 பாகை. மாலத்தீவின் மாலேயில் 4 பாகை. தெற்கே செல்லச் செல்ல அது இறங்கி, நிலநடுக்கோட்டில் நீரோடு நீராகிவிடும். திசைக்கோ, விண்மீன்கள் உதிக்கும் இடமும் மறையும் இடமும் போதுமாயிருந்தன. நம் கடற்பகுதியில் அவை ஏறத்தாழச் செங்குத்தாக எழுவதால் எழுந்த திசையை எளிதில் விட்டு விலகுவதில்லை.

இக்கலையை நூலாக்கிய தலைமகன் 15-ஆம் நூற்றாண்டின் அஹ்மத் இப்னு மாஜித். இன்றைய ராஸ் அல்கைமாப் பகுதியிலுள்ள ஜுல்ஃபாரைச் சேர்ந்தவர்; தந்தையும் பாட்டனும் மாலுமிகள். கடல்வழிக் கணக்கைச் செய்யுளாகவும் யாத்தார். மனப்பாடம் செய்ய எளிதன்றோ? வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் அவரே என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆய்வாளர் பலர் அதனை ஏற்பதில்லை. அந்தப் பொய்ப்புகழ் அவருக்குத் தேவையும் இல்லை.

நமது குறை இங்குதான் இருக்கிறது. அல்தபரான், அல்தாயிர், ரீகல் எல்லாம் அரபுப் பெயர்கள் என விழாக்களில் பெருமை பேசுகிறோம். அவற்றுள் ஒன்றையேனும் வானில் சுட்டிக் காட்டுவோர் அரங்கில் எத்தனை பேர்? அல்தபரான் என்றால் 'பின்தொடர்வது'. கார்த்திகை மீன்கள் உதித்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து ரோகிணி உதிக்கிறது. அந்த ரோகிணியே அல்தபரான். பெயரிட்டவன் கண்டு பெயரிட்டான். நாம் காணாமல் ஒப்பிக்கிறோம். நட்சத்திரங்களை நிலத்தின் இருளிலும் கடலின் இருளிலும் வழிகாட்டிகளாக அன்ஆம் அத்தியாயம் கூறுவதை ஓதுவோர்க்கு இந்நிலை தகுமா?

பாய்க்கப்பல் காலம் முடிந்துவிட்டதே என்பர் சிலர். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 'தாரிணி' என்னும் பாய்க்கலத்தில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே இறுதியில் கரை சேர்ந்தனர். துருவ விண்மீன் தொடுவானுக்குக் கீழே மறைந்துவிடும் தென்கடல்களில் இருவர் மட்டுமே மாறி மாறி விழித்திருந்த இரவுகள் எத்தனை!

முடிந்துகொண்டிருப்பது வேறொன்று. பாயை மட்டும் நம்பிக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி செலுத்திய கடைசித் தலைமுறை முதுமையின் விளிம்பில் இருக்கிறது. விண்மீனுக்கும் காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் அவர்கள் வழங்கிய சொற்கள் பல எந்த அகராதியிலும் இல்லை. இத்தகைய கடலறிவைத் தேடித் தொகுத்தவர் மும்பையில் பணியாற்றிய புவியியல் பேராசிரியர் பி. அருணாசலம், அவர் நூல் 2002-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழ்த்துறைகள் செய்திருக்க வேண்டிய பணி அது. விடுமுறையில் பத்து மாணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு கீழக்கரைக்கும் தூத்துக்குடிக்கும் செல்வதற்கு என்ன தடை? மற்றுமொரு மலரில் வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களைச் சற்றுக் குறைத்து, அவ்வயோதிகர்தம் சொற்களை அச்சிடலாம்.

நம் புறநகரிலும் வானம் முற்றும் தொலைந்துவிடவில்லை. தொழிற்பேட்டையின் ஒளியும் தெருவெங்கும் வந்துவிட்ட வெண்ணிற விளக்குகளும் பால்வீதியை அழித்துவிட்டன, உண்மைதான். விளக்குக்கு மேல்மூடி இட்டு ஒளியைத் தரைக்கு மட்டும் அனுப்பினால் பாதி தொல்லை தீரும். நம் கல்லூரி வளாகமே அதைத் தொடங்கலாம். ஆயினும் பிப்ரவரி மாதம் இரவு ஒன்பது மணியளவில் ஆவடி மொட்டை மாடியிலிருந்து தெற்கே பார்த்தால், அன்னஜ்ம் அத்தியாயம் பெயர் சொல்லும் ஷிஃரா உயரத்தில் சுடர்விடும். அதற்கு நேர் கீழே, தமிழர் அகத்தியர் என்றும் அரபியர் சுஹைல் என்றும் அழைக்கும் விண்மீன் நிற்கும். ராப்பலகைக்குத் தொடுவானம் வேண்டும். அதற்குச் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமாகத் திறந்த இடம் ஒன்று பார்க்க வேண்டியிருக்கும். பலகைக்கும் கயிற்றுக்கும் ஐம்பது ரூபாய்க்கு மேல் ஆகாது.