கால் அமுக்குங்க, கணையத்தை விட்டுடுங்க!

செமஸ்டர் முடிஞ்சு, சென்னையிலிருந்து கும்பகோணம் பஸ்ஸில் நின்னுக்கிட்டே வந்து சேத்தியாத்தோப்பில் இறங்கியிருக்கீங்களா? அப்படி நான் இறங்கின ஒரு ராத்திரி, அம்மா விளக்கெண்ணெய் தடவி பத்து நிமிஷம் காலை அமுக்கிவிட்டாங்க. அடுத்த நாள் மத்தியானம்தான் எழுந்தேன்.

இதையே ஒரு படத்தை வைத்துக்கொண்டு செய்தால் அதற்குப் பெயர் ரிஃப்ளெக்ஸாலஜி. பாதத்தின் ஒவ்வொரு இடமும் ஓர் உறுப்புக்குச் சொந்தமாம். விரல் நுனி தலை, நடுப்பாதம் வயிறும் கணையமும், குதிகால் இடுப்பு. ஏதோ ஆயிரம் வருஷத்து வித்தை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் நாம் இன்று பார்க்கும் பாத வரைபடம் அமெரிக்காவில் உருவானது. 1910-களில் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற டாக்டர் உடம்பைப் பத்து மண்டலங்களாகப் பிரித்தார். 1930-களில் யூனிஸ் இங்காம் என்ற பிசியோதெரபிஸ்ட் அதைப் பாதத்தில் வரைந்தார்.

சரி, வேலை செய்யுதா? எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் என்ற ஆய்வாளர் 18 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2009-ல் எழுதினார்: எந்த நோய்க்கும் இது சிகிச்சை என்று நம்பும்படியான ஆதாரம் இல்லை. ஆனால் இதமாகக் காலைப் பிடித்துவிட்டால் பதற்றம் குறையும், தூக்கம் வரும். அந்த நிம்மதி நிஜம். அதற்கு வரைபடம் தேவையே இல்லை.

"நிம்மதி கிடைக்குதுல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்பீங்க. நானும் அப்படித்தான் எங்க பெரியம்மாவுக்கு முள்ளு முள்ளா இருக்கிற அக்குபிரஷர் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அவங்களுக்கு இருபது வருஷமா சுகர். நடுப்பாதத்தை அழுத்தினால் கணையம் வேலை செய்யும் என்று அட்டையில் போட்டிருந்தது. "வலிக்கவே இல்லடா தம்பி"ன்னு சந்தோஷமா நடந்தாங்க. நாலாம் நாள் செருப்பில் ரத்தக்கறை. பாதத்தில் புண். அவங்களுக்குத் தெரியவே இல்லை.

வலிக்கலைன்னா நல்லதுன்னு நினைச்சேன் பாருங்க, அங்கதான் தப்பு. நாள்பட்ட சர்க்கரை நோய் கால் நரம்பைக் கெடுத்து, உணர்ச்சியைக் குறைத்துவிடும். நம்ம பாஷையில் சொன்னால், சென்சார் போச்சு. ரத்த ஓட்டமும் குறைவதால் சின்னப் புண்கூட ஆறாமல் காலையே எடுக்கும் நிலைக்குப் போகலாம். கரும்பு வயலில் வெறுங்காலோடு நடக்கும் நம்ம ஊர் ஆட்களுக்கு இது இன்னும் ஆபத்து.

டாக்டர்கள் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, அது வளையும் வரை அழுத்துவார்கள். 10 கிராம் விசை, அவ்வளவுதான். அது தெரிகிறதா என்று கேட்பார்கள். ஒரு நிமிஷ வேலை.

அதனால் லீவில் ஊருக்குப் போனா அம்மா, அப்பா, பாட்டி காலை அமுக்கிவிடுங்க. இதுவரை அவங்கதானே நமக்கு அமுக்கினாங்க! அதுக்கு முன்னாடி வெளிச்சத்தில் உள்ளங்காலை ஒரு தரம் பாருங்க. சுகர் இருந்தால் அந்த இழைச் சோதனைக்கு ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போங்க. சுகர் மாத்திரையை நிறுத்த மட்டும் விட்டுடாதீங்க.

பெரியம்மாவுக்குப் புண் ஆறிடுச்சு. ரெண்டு மாசம் ஆச்சு.