முகத்துக்கு முன் மண்டை ஓடு

உருவப்படம் வரையத் தொடங்குபவர்களின் படங்களில் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். கண்கள் மேலே ஏறியிருக்கும். நெற்றி குறுகி, உச்சந்தலை சீவியெடுத்ததுபோல் தட்டையாகக் கிடக்கும். பெரியவர்களுக்கு உச்சிக்கும் முகவாய்க்கும் ஏறக்குறைய நடுவில்தான் கண்கள் இருக்கின்றன. கண், மூக்கு, வாய் ஆகியவற்றிலேயே நம் கவனம் நின்றுவிடுவதால், மேற்பாதியைக் கை தானாகச் சுருக்கிவிடுகிறது. இந்த அளவை மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஆனால் தலை சற்றே குனிந்தாலும் திரும்பினாலும் மனப்பாடம் கைகொடுக்காது. மூளையைப் பொதிந்த கூடு எவ்வளவு பெரியது, அதன் முன்பக்கத்தில் முகம் எவ்வளவு சிறிய இடத்தில் அடங்குகிறது என்பதெல்லாம் மண்டை ஓட்டைப் பல கோணங்களில் அளந்து வரைந்தவருக்கே பிடிபடும். ஓவிய வகுப்புகள் அதை ஓரிரு நாளில் தொட்டுவிட்டுக் கடக்கக் கூடாது என்பது என் வாதம்.

சாயல் சதையில்தானே இருக்கிறது, எலும்பில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சோவியத் மானுடவியலாளர் மிகயீல் கெராசிமோவின் வேலை இதற்குப் பதிலாகும். 1941இல் சமர்கந்தில் தைமூரின் கல்லறையைத் திறந்தபோது கிடைத்த மண்டை ஓட்டை வைத்து, எந்த இடத்தில் சதை எவ்வளவு தடிமனாக இருக்கும் என்ற கணக்கின்படி அவர் முகத்தை உருவாக்கினார். காது, உதடு போன்றவை இம்முறையில் பெரும்பாலும் ஊகம்தான். ஆனால் கன்ன எலும்பின் அகலம், புருவ மேடு, கண்குழிகளின் இடைவெளி, தாடையின் கோணம் ஆகியவை எலும்பு விதித்தவை. முதுமைகூட அப்படித்தான். பற்கள் விழுந்தபின் அவற்றைத் தாங்கிய எலும்பும் தேய்வதால் முகவாய் மூக்கை நெருங்குகிறது. இதைக் கவனிக்காமல் கோடுகளை மட்டும் இழுத்தால், தாளில் கிடைப்பவர் சுருக்கம் விழுந்த இளைஞர்.

போட்டோவின்மேல் கட்டம் போட்டு வரைந்தால் எலும்பறிவு எதற்கு என்பது இன்னொரு கேள்வி. கட்டம் போட்டால் படம் அச்சாக வரும், உண்மை. கூடவே கேமராவின் பொய்யும் வரும்: மிக அருகில் எடுத்த செல்போன் படத்தில் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கிவிடுகின்றன. எதைத் திருத்துவது என்று சொல்ல மண்டை ஓடு தெரிந்திருக்க வேண்டும். உடற்கூறு படித்தால் படம் விறைத்துப்போகும் என்ற அச்சத்தை மட்டும் நான் ஒதுக்கமாட்டேன். 1489இல் மண்டை ஓட்டை அறுத்து உள்ளறைகளையும் நுட்பமாக வரைந்த லியனார்டோ டா வின்சியே, தசையெல்லாம் புடைக்க வரையும் ஓவியர்களைக் கேலி செய்தவர். கற்றதையெல்லாம் படத்தில் காட்டத் துடிப்பதுதான் அங்கே கோளாறு, கற்றது அல்ல.

இதற்கு நிஜ எலும்பைத் தேடி அலைய வேண்டாம், பிளாஸ்டிக் மாதிரி போதும். ஆனால் கீழ்த்தாடை தனியே அசையும் மாதிரியாகப் பார்த்து வாங்க வேண்டும். மண்டை ஓட்டின் 22 எலும்புகளில் அசைவது அது ஒன்றுதான். வாய்விட்டுச் சிரிப்பவரை வரையும்போது மேல்வரிசைப் பற்களையும் சேர்த்துக் கீழே இறக்கிவிடும் பிழை, அந்தத் தாடையைக் கையால் திறந்து மூடிப் பார்த்து வரைந்தவருக்கு வராது.