வயிற்றைத் தைக்கும் யந்திரம்

சென்ற வாரம் ஓமந்தூரில் என் வீட்டுத் திண்ணையில் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து அமர்ந்தார். தம்பிக்கு இரைப்பையில் புற்றுநோயாம். சஸ்திர சிகிச்சை செய்து 'ஸ்டேப்ளர்' போடப் போவதாக டாக்டர் சொன்னாராம். "வாத்தியாரையா, பரீட்சைத் தாளுக்கு நீங்கள் போடுகிற கம்பியையா மனுஷன் வயிற்றுக்குள் போடுவார்கள்?" என்று கேட்டார். கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். கேட்டவர் கண்களில் வேடிக்கை இல்லை. அவருக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்லுகிறேன்.

இரைப்பைப் புற்றை வெட்டியெடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்த முதல் வெற்றி, 1881-ஆம் ஆண்டு ஜனவரியில் வியன்னா நகரத்து பில்ரோத் என்பவருடையது. அந்த அம்மாள் பின்னர் ஏறக்குறைய நான்கு மாதமே வாழ்ந்தாள். ஆயினும் வழி திறந்துவிட்டது. இந்தச் சிகிச்சையில் வெட்டுவதைவிட வெட்டிய வாயை மூடுவதே பெரும்பாடு. தையலில் ஓரிடம் நெகிழ்ந்தாலும் உள்ளிருப்பது கசிந்து, வயிற்றறையில் சீழ் கோத்து, உயிருக்கே உலை வைக்கும். இதற்காக 1908-இல் புடாபெஸ்டில் ஹூல்ட்ல் என்ற வைத்தியர் கம்பி தைக்கும் யந்திரம் ஒன்றைக் கையாண்டார். அதன் எடை சுமார் மூன்றரைக் கிலோ. பூட்டித் தயார் செய்யவே இரண்டு மணி நேரமாம்! பின்னர் அதே நாட்டுப் பெட்ஸ் அதை இலேசாக்கினார். 1950-களில் ருஷியரும், 1960-களில் அமெரிக்கரும் மேலும் திருத்தினர்.

இன்றைய கருவி இரண்டு தாடைகளால் இரைப்பையைக் கவ்வி, இருபுறமும் இரண்டு மூன்று வரிசையாக டைட்டேனியக் கம்பிகளை இறக்கி, நடுவே கத்தியை ஓட்டிவிடுகிறது. கம்பி முற்றிலும் நெரிக்காமல் ஆங்கில 'பி' எழுத்தைப்போல் மடங்குவதால், அந்த இடைவெளிகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உயிரோடிருக்கின்றன, வெட்டுவாய் ஆறுகிறது. இரைப்பை முழுவதையும் எடுத்துவிட்டால், உணவுக்குழாயைச் சிறுகுடலோடு வட்டமாக இணைக்கவும் தனிக் கருவி உண்டு. அந்த உலோகம் துருப்பிடிப்பதில்லை. ஆயுள் முழுதும் உள்ளே கிடந்தாலும் பயமில்லை.

ஆயினும் யந்திரத்தைத் தெய்வமாக்க வேண்டாம். கசிவு இதிலும் நேரலாம். தேர்ந்த கையின் தையலும் இன்றளவும் மதிப்பிழக்கவில்லை. புற்றைத் தீர்ப்பது கம்பியன்று. நோய் பரவுமுன், சுற்றியுள்ள நிணக் கணுக்களோடு அதை முற்றிலும் அகற்றுவதே.

நம் ஊர்ப் புதல்வரும் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணப் பிரதமராயிருந்தவருமான ராமசாமி ரெட்டியாரின் நினைவாகவே, சென்னையிலே ஓமந்தூரார் தோட்டம் அப்பெயர் பெற்றது. அங்கே சட்டசபைக்கெனக் கட்டிய மாளிகை 2014 முதல் அரசாங்கப் பல்நோக்கு ஆஸ்பத்திரியாய் விளங்குகிறது. அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய புற்றுநோய் நிலையம் இருக்கிறது. பக்கத்துப் புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. வைத்தியத்துக்கு இடமில்லை என்று நாம் சொல்வதற்கில்லை.

பெரியவரிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றே: "தம்பிக்கு எத்தனை நாளாக உபத்திரவம்?" ஆறு மாதமாகப் பசியில்லையாம், உடம்பு மெலிந்ததாம், மலம் கறுத்ததாம். சோடாவும் சுக்குக் கஷாயமும் குடித்துக் காலம் போக்கியிருக்கிறார். இக்குறிகள் கண்டால் உடனே டாக்டரிடம் சென்று, தேவையெனில் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டாஸ்கோப்பிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். யந்திரம் மிச்சப்படுத்துவது நிமிஷங்களை. நாம் வீணாக்குவதோ மாதங்களை!